பேராவுக்கு ஓர் ஆற்றுப்படை

தொலைவிலுள்ள நாட்டுக்குப் புறப்பட நினைப்பவன் முதலிற் செய்வது யாது? மூட்டை கட்டுவதன்று, கேட்பது. போய் வந்தவனைத் தேடிப் பிடித்துக் கேட்கிறான். வெயில் எப்படி, மழை எப்போது, வாய்க்கேற்ற சோறு கிடைக்குமா, எவ்வூரில் இறங்குவது, எவரை நம்புவது என்று கேட்கிறான். போய் வந்தவன் அகப்படாதவிடத்து நூலை நாடுகிறான். அந்நூல் தாளில் அச்சாகி வருவதும் உண்டு. இக்காலத்தில் கைப்பேசியில் மின்னி மறைவதும் உண்டு. வடிவம் எதுவாயினும் அதன் தொழில் ஒன்றே. ஒருவன் கண்ணாற் காணாத நாட்டை, அவன் காணுமுன்பே அவன் மனத்தில் எழுதிவிடுவது அது.

எழுதப்படுவது எதுவோ அது ஆராய்ச்சிக்கு உரியது. காவியத்தை ஆராய்கின்றோம், நாவலை ஆராய்கின்றோம், மேடைப் பேச்சையும் விடுவதில்லை. வழிகாட்டி நூலை மட்டும் ரயில் நேரப் பட்டியலோடு சேர்த்து ஒதுக்கிவிடுகின்றோம். அவ்வாறு ஒதுக்குதல் நமக்குக் கேடு என்பது எமது கருத்து. ஏனெனில் இன்று எழுதப்படுவது நம்முடைய ஊர்.

மலேசியா 1990ஆம் ஆண்டை வருகை ஆண்டாக அறிவித்து உலகத்தாரை அழைத்தது. அதன்பின் அவ்வழைப்புப் பலமுறை வந்தது. பேரா மாநிலம் 2024ஆம் ஆண்டைத் தன் வருகை ஆண்டாக்கியது. 2026 நாடு முழுமைக்கும் அவ்வாறே குறிக்கப்பட்டது. லண்டனில் ஏறுவோன் ஏறக்குறைய 13 மணி நேரம் வானில் இருந்து கோலாலம்பூரில் இறங்குகிறான். அங்கிருந்து மின்ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவை அடைகிறான். வெப்ப நாடு, பல இனம், பல மொழி, பல கோயில், பழைய கலை என்று எண்ணிப் பணம் சேர்த்து வருகிறான். வரட்டும். வருவோரை வரவேற்பது நம் பழங்குணம். ஆயின் அவன் கையிலிருக்கும் நூல் நம்மைப் பற்றி அவனுக்கு என்ன சொல்லியிருக்கிறது? இதை அறிவது நம் கடமையன்றோ?

அறிவதற்கு அளவுகோல் வேண்டும். அதை வெளியே தேட வேண்டுவதில்லை. வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், பசியோடு எதிர்ப்படும் கலைஞனைக் கண்டு, இன்னாரிடம் போ, இவ்வழியே போ என்கிறான். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை உரையோடு பதிப்பித்தபின் இப்பாட்டுகள் பள்ளிப் பாடமாயின. பாடமாயினமையாலேயே பலர் அவற்றைப் பிரயாண நூலாகப் படிக்க மறந்தனர்.

அவ்வாறு படித்துப் பாருங்கள். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனின் ஊருக்கு வழி சொல்கிறார். நேரே அரண்மனை வாயிலிற் கொண்டு நிறுத்துகின்றாரா? இல்லை. முதலில் கடற்கரை எயிற்பட்டினம். அங்கே பரதவர் வீட்டில் மீன். பின்னர் வேலூர், அங்கே எயினர் வீட்டில் சுடு சோறும் இறைச்சியும். பின்னர் ஆமூர், அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். இத்தனை வீடுகளில் உண்ட பின்னரே மன்னன். பெரும்பாணாற்றுப்படையும் அத்தகையதே. உப்பு வண்டி ஓட்டும் உமணரைக் காட்டுகிறது, ஆயரைக் காட்டுகிறது, உழவரையும் வலைஞரையும் காட்டுகிறது, கடலில் வருவோர்க்கு ஒளிகாட்டும் உயர்ந்த மாடத்தைக் காட்டுகிறது. காஞ்சி அதற்கப்பால் வருகிறது. வழியில் உழைப்போர் எவரோ அவரே அந்நூல்களின் பெரும்பகுதி.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் நன்னனின் மலைநாட்டுக்கு வழி சொல்கிறார். அழகை மட்டுமா சொல்கிறார்? பன்றிக்கு வைத்த பொறியில் அகப்படாதே, பாம்புண்டு பார்த்து நட, தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர் மரத்தின் பின் ஒதுங்கு, பாறை வழுக்கும் பற்றிக்கொண்டு இறங்கு என்று எச்சரிக்கிறார். இன்றைய நூல்கள் கொசுவுக்கு எண்ணெய் பூசு என்பதோடு நின்றுவிடுகின்றன. மனிதன் வைத்த பொறிகளைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாட்டில் இன்னொரு குறிப்பும் உண்டு. அது படிப்போர் கண்ணில் எளிதில் படுவதில்லை. வழி பிரியும் சந்திகளில் பின்னால் வருவோர் மயங்காதபடி புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்பது அது. தான் வழி அறிந்தால் போதாது. அடுத்து வரும் முகமறியாதவனுக்கும் அடையாளம் விட்டுச் செல்ல வேண்டும். பிரயாண இலக்கியத்தின் அறம் முழுதும் அந்தப் புல் முடிச்சில் இருக்கிறது.

ஆற்றுப்படையில் குறையே இல்லையா? உண்டு. முடிவில் பெரும்பாலானவை மன்னன் புகழாகவே முடிகின்றன. மன்னனிடம் குறை கண்ட ஆற்றுப்படை ஒன்றேனும் இல்லை. பரிசில் வாங்கியவன் வாய் அவ்வளவுதான் திறக்கும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க: வழி சொல்பவன் தான் நடந்த வழியைச் சொல்கிறான்; தான் உண்ட சோற்றைச் சொல்கிறான்; ஆள் சேர்த்ததற்காகத் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்கு எவரும் கொடுப்பதில்லை.

தலைக்கு இவ்வளவு என்றவுடன் நம்மவர் மனத்தில் வேறொருவன் தோன்றுவான். கங்காணி! நம் முன்னோர் செய்த நெடும்பயணத்துக்கும் ஒரு வழிகாட்டி இருந்தான். தோட்டத்துத் துரை கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டோடு அவன் தன் சொந்த ஊருக்கே போவான். நல்ல வேட்டி, நல்ல சட்டை, கையில் குடை. மலாயாவில் மரத்தைத் தொட்டால் பணம் என்பான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றபின் கங்காணியே பெருவழியானான். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை இப்படித்தான் கிராமம் கிராமமாக ஆள் சேர்ந்தது. சேர்த்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குப் பணம் உண்டு. நடந்த வழியைத்தான் அவனும் சொன்னான். ஆனால் பொறி எங்கே, பாம்பு எங்கே என்பதை விட்டுவிட்டுச் சொன்னான். கூத்தன் சொன்னது ஆற்றுப்படை. கங்காணி சொன்னது அதன் போலி. இரண்டுக்கும் வேற்றுமை சொல்லழகில் இல்லை. கங்காணியின் சொல்லும் அழகாகத்தான் இருந்திருக்கும். இல்லாவிடின் அத்தனை பேர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருப்பரா? சொல்பவனுக்குப் படி அளப்பவன் யார் என்பதில்தான் வேற்றுமை. பிரயாண நூலை எடுத்தவுடன் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுவே.

நிற்க. பேராவைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்களுக்கு வருவோம். அவற்றுள் பெயர்பெற்றது இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கில மாது எழுதியது. 1879இல் அவ்வம்மையார் இத்தீபகற்பத்தில் சுற்றினார். 1883இல், மலாய்த் தீபகற்பத்தின் பழைய பெயராகிய ‘பொன் தீபகற்பம்’ என்பதையே தலைப்பிலிட்டு நூல் வெளியிட்டார். லாரூட் பகுதியிலிருந்து கோலகங்சாருக்கு யானை மீதேறிச் சென்றார். அங்கே ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அவர் வெளியே போயிருந்த வேளையில் அம்மையார் மாளிகையில் விருந்துண்ண அமர்ந்தார். உடன் உண்டவை இரண்டு குரங்குகள். அவற்றுக்கு நாற்காலி உண்டு, தட்டு உண்டு, பெயரும் உண்டு. ஒன்று மஹ்மூத், மற்றொன்று எப்லிஸ். இந்தக் காட்சியை அவர் எழுதியிருக்கும் நயம் வியக்கத்தக்கது. நகைச்சுவை, நுண்ணிய நோக்கு, அஞ்சாமை மூன்றும் அவரிடம் உண்டு. காட்டையும் மழையையும் இரவின் ஓசைகளையும் அவர்போல் எழுதினோர் அக்காலத்தில் சிலரே.

ஆயின் குரங்குக்குப் பெயர் தந்த அந்நூலில் நம்மவருக்கு என்ன கிடைத்தது? பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கண்ட தமிழரைப் பற்றி அம்மையார் எழுதுவன பெரும்பாலும் உடையின் நிறமும் நடையின் அழகும். புகழ்ச்சிதான், இகழ்ச்சியன்று. சித்திரத்தில் ஒரு வண்ணமாகத் தமிழன் நிற்கிறான். அவன் வாய் திறப்பதில்லை. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் அவர் வந்தபோது இரண்டு வயதுக் குழந்தைகள். அக்கன்றுகளின் வழித்தோன்றல்களுக்காகத்தான் பின்னர் லட்சக்கணக்கான தமிழர் கடல் கடந்தனர். அதை அவர் முன்னறிய வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து எழுதுவோரும் அதே கண்ணோடு எழுதுவதைத்தான் கேட்கின்றோம்.

இன்றைய வழிகாட்டிகள் ஈப்போவை விரும்புகின்றன. 2016இல் லோன்லி பிளானெட் நிறுவனம் ஆசியாவில் காணத்தக்க இடங்களென்று தொகுத்த பத்தில் ஈப்போவும் ஒன்று. காரணங்கள் நேர்மையானவை. சுண்ணாம்புக் குன்றுகள், குகைக் கோயில்கள், பழைய கடைவீதி, வெள்ளைக் காப்பி, சுவரோவியம், ஹப்பாக் வரைந்து 1917இல் முடிவுற்ற ரயில் நிலையம். இவற்றில் எதுவும் பொய்யன்று. ஈப்போவின் காப்பி நல்ல காப்பியே. ஆனால் நிலையத்தின் வெண்குவிமாடத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்வோர், அதன் முன்னே ஓடும் தண்டவாளத்தை எவர் இட்டார் என்று ஒரு வரி எழுதுவது அரிதாக இருக்கிறது. கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயில் தைப்பூசத்தன்று படமாகிறது. அலகு குத்திய முகம் முழுப்பக்கம் வருகிறது. அம்முகத்துக்குரியவன் மறுநாட் காலை எங்கே வேலைக்குப் போனான், எவ்வளவு கூலி வாங்கினான், அவன் பிள்ளை எந்தப் பள்ளியிற் படிக்கிறது என்பன பண்பாட்டில் சேரா போலும்! பண்பாடு என்ற சொல்லை இவர்கள் திருவிழாவுக்கும் தின்பண்டத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டனர். நாமும் அதை ஒத்துக்கொண்டு, விருந்தாளி வந்தால் மாலையும் மத்தளமும் மட்டும் காட்டுகின்றோம்.

இக்குறை எங்கே முழு உருவில் நிற்கிறது என்று கேட்டால் பத்து காஜாவுக்கு அருகே என்போம். கெல்லி மாளிகையை அறியாதார் பேராவில் இலர். ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பரால் பொருள் சேர்த்தார். 1915ஆம் ஆண்டளவில் பெருமாளிகை எழுப்பத் தொடங்கினார். மின்தூக்கி வைக்கத் திட்டமிட்டார். 1926இல் லிஸ்பன் நகரில் நோய் கண்டு இறந்தார். மாளிகை முடியாமல் நின்றது. நிலம் கைமாறியது. 1999இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்துக்கு இங்கே காட்சிகள் எடுக்கப்பட்டன. இன்று சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்கின்றனர்.

இம்மாளிகையைப் பற்றிய பிரசுரங்களை வரிசையாக வைத்துப் படித்தோம். பேய்க்கதை இல்லாத பிரசுரம் அரிது. சுரங்கவழிக் கதை உண்டு. காதல் கதை உண்டு. முடியாத மாடியில் உலவும் உருவத்தின் கதை உண்டு. மாளிகைக்குச் சிறிது தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகள். அவ்வரிகளில் அடங்கியுள்ள செய்தியைப் பாருங்கள். கட்டட வேலை நடக்கும்போது கொள்ளை நோய் பரவிற்று, தமிழ்த் தொழிலாளர் எழுபது பேர் வரை மாண்டனர் என்று சொல்வர், எஞ்சியோர் கோயில் வேண்டும் என்று கேட்டனர், துரை இசைந்தார். நன்றியறிதலாகக் கோயிலின் மேற்றளத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. இஃது எப்பேர்ப்பட்ட கதை! சாவு, வேண்டுகோள், அச்சம், நன்றி, அடிமை மனம், அதனுள்ளும் ஒரு கேட்கும் துணிவு, எல்லாம் ஒரு சிறு கோபுரத்தில் இருக்கின்றன. நாவல் எழுதுவோனுக்கு நானூறு பக்கம். ஆனால் பிரயாணிக்கு அது துரையின் பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் காட்டப்படுகிறது. இல்லாத பேய்க்கு ஒரு பக்கம். இருந்து இறந்த எழுபது பேருக்கு ஒரு வரி! இஃது இடமின்மையால் நேர்ந்ததன்று. தேர்வினால் நேர்ந்தது. பேய்க்குச் சீட்டு விற்கும். தொழிலாளிக்கு விற்காது என்பது அத்தேர்வின் அடிப்படை. அவ்வெண்ணமும் தவறு என்பது எம் அபிப்பிராயம். பதின்மூன்று மணி நேரம் பறந்து வருகிறவன் பேயைத் தேடியா வருகிறான்? பேய் அவனூர் மாளிகைகளிலேயே ஏராளம்.

பிறரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. நம்மவர் எழுதியவற்றையும் பார்ப்போம். 1893இல் சிங்கப்பூரில் ரங்கசாமி தாசன் குதிரைப் பந்தய லாவணி ஒன்றை அச்சிட்டார். பந்தயம் காணப் போகும் கூட்டத்தையும் நகரத்து வீதிகளையும் பாடுகிறது அந்நூல். இலக்கணத் தூய்மை நாடுவோர் அதைத் தள்ளிவிடுவர். யாம் தள்ளோம். வந்த ஊரைத் தன் கண்ணால் பார்த்துத் தன்னவர்க்குச் சொல்லும் ஆவல் அதில் இருக்கிறது. அந்த ஆவல் தோட்டத்துப் பக்கம் திரும்பியிருந்தால் நமக்கு எத்தகைய செல்வம் கிடைத்திருக்கும்!

தமிழில் பிரயாண நூலென்றால் அ. க. செட்டியாரை விட்டுப் பேச இயலாது. அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வெளிவந்தது. அவர் நடையில் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, தம்மைப் பெரிதாக்கிக் காட்டாமை. மற்றொன்று, மாளிகையைவிட மனிதனிடம் அதிக நேரம் நிற்றல். வழியில் எதிர்ப்பட்டவரின் சிறு செய்கையும் அவருக்குச் செய்தி. சொற்செட்டு மிக்கவர், வியப்புக் குறிகளை இறைப்பதில்லை. இதைக் கூறும்போது நமக்கே சற்று வெட்கமாக இருக்கிறது. இக்கட்டுரையில் எத்தனை வியப்புக் குறிகள்! அவர் செய்த இன்னொரு பெருந்தொண்டு, தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றித் தமிழர் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கியது. உலகம் சுற்றியவர் உள்ளூருக்குத் திரும்பி வந்து, இங்கேயும் காண்பதற்கு உண்டு என்று காட்டினார். பேராவுக்கு அத்தகைய தொகுதி இல்லை. தொகுப்பதற்குக் கட்டுரைகளாவது இருக்கின்றனவா? தோட்டப் பள்ளி ஆண்டு மலர்களிலும் கோயில் குடமுழுக்கு மலர்களிலும் சிதறிக் கிடப்பனவற்றை யார் எடுப்பார்?

தமிழ்நாட்டிலிருந்து வந்து நம்மைப் பற்றி எழுதியோருள் அகிலன் முதன்மையானவர். 1970களில் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைக் கண்டு ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார். அந்நாவல் தமிழ்நாட்டு வாசகர் பலருக்குப் பால்மரம் என்றால் என்ன என்று கற்பித்தது. அவ்வகையில் அதற்கு நன்றி கூறுவோம். ஆயின் அதன் கண் விருந்தாளியின் கண். தொழிலாளியின் துயரத்தைக் கண்டு உருகுகிறது. அவன் சிரிப்பை அவ்வளவாகக் காணவில்லை. லயத்தில் வாழ்ந்தவன் அறிவான், அங்கே அழுகை மட்டும் இருந்ததில்லை. கள்ளுக்கடைச் சண்டை இருந்தது. பந்து விளையாட்டுப் போட்டி இருந்தது. மண்டோரைப் பற்றிய கேலிப் பாட்டு இருந்தது. படிப்பகத்தில் ஒரு பத்திரிகையை இருபது பேர் படித்த வழக்கம் இருந்தது. இரக்கம் நல்ல குணம். இரக்கத்தோடு மட்டும் பார்ப்பவன் பாதியைத்தான் பார்க்கிறான்.

சரி, நம் நாட்டு எழுத்தாளர்? பிரயாண நூல் எழுதினர்; ஆனால் வெளியே போய் எழுதினர். சை. பீர்முகம்மது ஆஸ்திரேலியாவைப் பற்றி ‘கைதிகள் கண்ட கண்டம்’ எழுதினார். கைதிகள் குடியேறிக் கட்டிய கண்டத்தைக் கூலிகள் குடியேறிக் கட்டிய நாட்டினன் ஒருவன் பார்த்து எழுதுவது பொருத்தமே. இதே முறையில், வெளியூரானுக்குச் சொல்வதுபோல் சுங்கை சிப்புட்டையோ தெலுக் இந்தானையோ எழுதிய நூல் எங்கே? நாவலாசிரியர் தோட்டத்தை எழுதினர். ஆயின் நாவலில் தோட்டத்துக்குக் கற்பனைப் பெயர் இருக்கும். கற்பனைப் பெயரை வைத்துக்கொண்டு எந்தச் சந்தியில் திரும்புவது?

நம்மவர் இன்று பிரயாணம் போகாதவர் அல்லர். ராஜுலா கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் இடையே மேற்றளப் பிரயாணிகளைச் சுமந்த காலத்தில், ஊருக்குப் போவது ஆயுளில் ஒருமுறை. பலருக்கு அதுவும் இல்லை. இப்போது திருச்சிக்கு நாலு மணி நேரம். ஓய்வு பெற்ற தோட்டத்துத் தாய் பேரப்பிள்ளைகளோடு பன்னிரண்டு நாளில் இருபது கோயில் பார்த்து வருகிறாள். பழனி, மதுரை, இராமேசுவரம், தஞ்சை என்று ஏற்பாட்டாளர் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு வேளை உணவும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவள் தந்தை கப்பலேறுமுன் விட்டு வந்த கிராமம் அத்தாளில் இல்லை. வண்டியைத் திருப்பச் சொன்னால் கால அட்டவணை இடங்கொடாது. லண்டன்காரனுக்கு நம் லயம் தெரியாமற் போவதும், நம் தாய்க்குத் தன் தந்தையின் தெரு தெரியாமற் போவதும் ஒரே அச்சுக்கூடத்தின் வேலை. இரண்டு தாளிலும் கோபுரம் உண்டு, வீடு இல்லை.

இதில் இப்போது அவசரம் என்ன என்று சிலர் கேட்கலாம். அவசரம் உண்டு. பேராவில் பால்மரம் வெட்டிய கை வயதாகிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீட்டு மனை வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டம் என்ற பெயரோடு இன்று நிற்பவை பலவிடங்களில் ஒரு கோயிலும் ஒரு தமிழ்ப் பள்ளியும். சிலவிடங்களில் அவையும் வேறிடம் பெயர்ந்தன. சந்தியில் முடிந்து வைத்த புல் காய்ந்துகொண்டிருக்கிறது. முடிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் பிறகு எந்த ஆராய்ச்சியாளன் வந்தும் பயனில்லை.

எழுதினால் அந்நூல் எப்படி இருக்கும்? யாம் நூலாசிரியர் அல்லேம், ஆராய்ச்சி எழுதுவோம். ஆயினும் குறை சொன்னவன் மாதிரி காட்டக் கடமைப்பட்டவன். ஆதலின் பழைய முறையில், எதிர்ப்படும் பிரயாணி ஒருவனுக்குச் சொல்வதாக, சில ஊர்களை மட்டும் சொல்லிப் பார்ப்போம்.

ஐயா, வடக்கேயிருந்து வருவீராயின் தைப்பிங்கில் இறங்குங்கள். குடையோடு இறங்குங்கள், இத்தீபகற்பத்தில் அதிக மழை பெறும் ஊர் அது. மழை வருமா வாராதா என்று அங்கே பந்தயம் கட்டியோர் உண்டு. பழைய ஈயச் சுரங்கம் ஏரித் தோட்டமான இடத்தில் நடந்துவிட்டு, கோல செப்பெத்தாங்குக்குப் போங்கள். முன்னாளில் அதன் பெயர் போர்ட் வெல்டு. 1885இல் இந்நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அங்கே ஓடியது. அவ்வேலைக்கு இலங்கையிலிருந்து வேலைப்படை வரவழைக்கப்பட்டது. தண்டவாளம் இப்போது இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. நாலு எழுத்துகளில் ஒன்று தமிழ். மீனும் நண்டும் உண்ண வருவோர் அதனருகே நின்று படமெடுத்துக்கொள்வர். நீங்கள் அந்தத் தமிழ் எழுத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எவரேனும் வாசிப்பர்.

அங்கிருந்து கோலகங்சார். பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தைப் பாருங்கள். பார்த்தபின் நில அலுவலகத்தருகே வேலியிட்டு நிற்கும் முதிய ரப்பர் மரத்திடம் வாருங்கள். 1877இல் வைத்த கன்றுகளுள் ஒன்று என்பர். படத்துக்கு அழகான மரமன்று. தாழ்ந்து முடிச்சேறிய மரம். ஆயினும் உங்கள் வண்டிச் சக்கரம் முதல் எங்கள் பாட்டன் கல்லறை வரை பலவற்றுக்கு அதுவும் அதன் உடன்பிறப்புகளுமே காரணம்.

தெற்கே வந்தால் சுங்கை சிப்புட். 1948 ஜூனில் இவ்வட்டாரத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டனர். அதையடுத்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது வரலாற்று நூல்களில் இருக்கும். அதே ஊரிற் பிறந்த வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்பட்ட நாளில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார் என்பதையும் கேளுங்கள். மரம் வெட்டுவோர் தம் கூலியிலிருந்து மாதந்தோறும் சிறுதொகை கட்டித் தோட்டத்துக்கே உடைமையாளர் ஆயினர். உலகில் எத்தனையோ மாளிகைகளைப் பார்த்திருப்பீர்கள். கூலி வாங்கியவர் சேர்ந்து எஸ்டேட் வாங்கிய இடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஈப்போவில் காப்பி குடித்தாயிற்றா? பழைய நகரத்தோடு நில்லாமல் புந்தோங்குக்கு வாருங்கள். கச்சாங் பூத்தே என்று இந்நாட்டார் எல்லா இனத்தவரும் வாங்கித் தின்னும் கடலை, முறுக்கு, பக்கோடா வகைகளை வீட்டு முற்றத்திலேயே பொரித்துக் குவிக்கும் குடும்பங்கள் அங்கே உள்ளன. எண்ணெய்ச் சட்டியின் சூட்டில் நிற்பவர் வேலையாயிருப்பார். பேச்சுக் கொடுத்தால் கை நிற்காமலே பதில் சொல்வார். ஒரு கைப்பிடி கையில் வைப்பார். காசு கொடுக்க முயல வேண்டா; இன்னொரு பொட்டலம் விலைக்கு வாங்குங்கள்.

பத்து காஜா மாளிகைக்குப் போக வேண்டாம் என்று சொல்லமாட்டோம். போங்கள். ஆனால் முதலில் கோயிலுக்குப் போங்கள். பிறகு மாளிகைக்குப் போங்கள். வரிசை மாறினால் பார்க்கும் பொருளே மாறிவிடும். கோயிலின் மேலே தொப்பிக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தபின், கீழே நின்று அவரைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் பாருங்கள். செங்கல் சுமந்தவர் எவர் உருவமும் அங்கே இல்லை.

பிறகு தெலுக் இந்தான் சாலை. இருபுறமும் செம்பனை, பார்க்கப் பார்க்க ஒன்றுபோலிருக்கும், தூக்கம் வரும். தூங்கிவிடாதீர்கள். செம்பனைக்குள் ஒரு மண்பாதை பிரியும். அதன் முனையில் தகரத்தில் எழுதிய கோயில் பெயர் தொங்கும். வண்டியை அங்கே திருப்புங்கள். கோயில் வாசலில் கூட்டிப் பெருக்கும் மூதாட்டி ஒருவர் இருப்பார். கோயில் வரலாறு கேட்காதீர்கள். அதைத் தலைவர் சொல்வார் என்று நழுவிவிடுவார். விடியற்காலை பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் அம்மா, கத்தியை மரத்தில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இழுப்பது, மங்கு நிறைய எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, இல்லாத மரத்துக்கு எதிரே நின்று, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழே கையை இழுத்துக் காட்டுவார். நேரமிருந்தால் தண்ணீர் கொண்டுவந்து தருவார். குடித்துவிட்டு அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.